அத்தான் இல்லாத படகு

பாய்மரப் படகு தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அதை ஓட்டிய அத்தான்தான் பின்னால் தண்ணீரில் கிடக்கிறார். காற்றின் குணத்தைப் பற்றி எழுந்து நின்று பிரசங்கம் செய்தவரை, அதே காற்று திசை மாறி, பாயின் குறுக்குக் கழியால் ஒரே தட்டாகத் தட்டிவிட்டது. மிதவைச் சட்டையோ முதல்முறையாகக் கடலுக்கு வந்திருக்கும் மச்சானின் உடம்பில் இருக்கிறது. "அதெல்லாம் உன்னை மாதிரி கத்துக்குட்டிக்குடா. நீ எதையும் தொடாம உக்காரு, அது போதும்" என்றிருந்தார். காலையிலிருந்து அவன் கற்ற ஒரே பாடம் அதுதான். "கயிற விடுடா, கயிற விடு" என்கிற குரல் தேய்ந்துகொண்டே போகிறது. எந்தக் கயிறு? பார்க்கிற பக்கமெல்லாம் வெள்ளைக் கயிறு. கைக்குச் சிக்கிய ஒன்றை அவிழ்க்கத் தெரியாமல் இழுக்கிறான். பாய் விறைத்து, படகு இன்னும் வேகமாகப் பாய்கிறது. வெயிலில் தண்ணீர் தகரம்போல் மின்னுகிறது. பலகையில் அத்தான் வைத்திருந்த போன் அடிக்கிறது. எடுத்துக் காதில் வைக்கிறான். "கரையிலேருந்து பாத்துட்டுதான் இருக்கேங்க. படகு அம்சமா போகுது" என்கிறாள் அக்கா. "என் தம்பி ரொம்ப பயப்படுறானா?" அவன் திரும்பிப் பார்க்கிறான். மின்னும் தண்ணீரில் தலை எதுவும் தெரியவில்லை. "கொஞ்சம் அவன்கிட்ட குடுங்க" என்கிறாள்.