சுத்த வெள்ளை

"இதுவா வெள்ளை? வெண்ணெய் கலரு! வெளிய போம்மா!"

இங்கிலாந்தின் சர்ரேயில் உள்ள எங்கள் டென்னிஸ் கிளப்பில் வெள்ளை உடை இல்லாமல் புல்தரையில் கால் வைக்க முடியாது. வாசலில் நின்று சோதிப்பவர் செயலாளர் பிங்கம்.

"காலைலதான் சார் கடையில வாங்கினேன்!" என்றாள் முரியல்.

"அப்ப கடைக்காரன் ஏமாத்திட்டான். வெள்ளைன்னா இது!" தன் கால்சட்டையைத் தட்டிக் காட்டினார்.

எல்லோரும் பார்த்தோம். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

இப்படியே ஒவ்வொருவராக விரட்டியதில், பக்கத்து ஊரோடு மோத ஆளே மிஞ்சவில்லை. ஆடாமலேயே கோப்பையைத் தூக்கிக் கொடுத்தோம்.

அடுத்த மாதம் பிங்கம் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து வந்தார்.

"கண்ணுல இருந்த மஞ்சத் திரையையே டாக்டர் கிழிச்ச மாதிரி இருக்கு! அடேயப்பா, எல்லாரும் பளிச்சுனு வந்திருக்கீங்களே!"

"அதே பழைய துணிதான் சார்" என்றோம்.

பிங்கம் மெல்லக் குனிந்து தன் கால்சட்டையைப் பார்த்தார்.

"ஐயையோ, ஆகாச நீலம்! இத்தனை வருஷமா ஏன்யா ஒருத்தரும் சொல்லல?"

"அடுத்தவங்க உடுப்பைக் குத்தம் சொல்றது நாகரிகம் இல்லையே சார்!" என்ற முரியல், வாசற்கதவை அகலத் திறந்து பிடித்தாள். "இப்பதான் நீங்களே பாத்துட்டீங்களே. கெளம்புங்க."