பனியை உருக்கும் பூ

"சொறி, சொறி" என்று மன்னிப்புக் கேட்டாள் ஜெயமலர், கதவைத் திறந்த கையோடு.

கட்டடத்தைப் பராமரிக்கும் சூப்பிரின்டென்டன்ட் இன்னும் வாயே திறக்கவில்லை.

அவன் கையில் மூன்றாவது கடிதம். முதல் இரண்டிலும் பக்கத்து வீட்டாரின் ஒரே முறைப்பாடுதான்: சமையல் நாற்றம். மூன்றாவது வந்தால் வீட்டைக் காலி பண்ணவேண்டும். வெங்காயம் தாளிப்பதற்கே கதவிடுக்கில் ஈரத் துவாய் திணிக்கிற வீடு அது.

ஜெயமலர் பின்வாங்கி அடுப்பை மறைத்துக்கொண்டு நின்றாள்.

மகள் வதனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கம்பஸ் படி ஏறியவள். தாவரவியலில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்த கடிதம் காலையில்தான் வந்து, குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. அதே நாளில் இது.

விறுவிறென்று பல்கனிக்குப் போனாள். ஒரு பெரிய ஊறுகாய்ப் போத்தலைக் கொண்டுவந்து அவன் முன்னால் டொக்கென்று வைத்தாள். உள்ளே ஊதாப் புள்ளி விழுந்த, முக்காடு போட்டது மாதிரி ஒரு பூ.

"ஸ்கங்க் கபேஜ்" என்றாள் ஆங்கிலத்தில். "ஆராய்ச்சிக்கு ஆற்றோரச் சேற்றில் பிடுங்கினது. நாறுகிறது இதுதான். எங்கள் ஊர்ச் சாமான் இல்லை, உங்கள் ஊரில் முளைக்கிறது."

அவன் குனிந்து கண்ணாடிக்கூடாகப் பார்த்தான். முகம் அப்படியே மாறிப்போயிற்று.

தொப்பியைக் கழற்றினான். சின்ன வயதில் விட்பி என்ற ஊர்ப் பக்கச் சதுப்பில் பார்த்ததாம். மார்ச் மாதத்தில் தன் சூட்டாலேயே பனியை உருக்கிக்கொண்டு எழும்புமாம். அழுகல் நாற்றத்துக்கு ஈயெல்லாம் தேடி வருமாம்.

கண்ணை மூடி, நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தான்.

"ஆ... இதுதான் வசந்தம்!"

இன்னொரு தரம் இழுத்தான். கடிதத்தை நாலாகக் கிழித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். பக்கத்து வீட்டாருக்குத் தானே விளங்கப்படுத்துவதாகச் சொல்லி, வதனியின் கையைக் குலுக்கிவிட்டுப் போனான்.

கதவு சாத்திக்கொண்டது.

"ஏன் பிள்ளை, உந்தப் பூ உவ்வளவுக்கு நாறுமே?"

"கிட்ட வந்து மணந்து பாருங்கோவன், அம்மா."

ஜெயமலர் வந்து குனிந்தாள். போத்தலின் மூடி இறுக்கித் திருகியிருந்தது. பிடுங்கின இடத்தில் வைத்துச் சுற்றிய டேப் சுற்றியபடியே இருந்தது.

மூடியைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். குளிர்ப்பெட்டிக் கதவில் இருந்த கடிதத்தைப் பார்த்தாள்.

கதவடியில் கிடந்த துவாயைக் காலால் எத்திவிட்டு, அவண் அடுப்புக்குள் ஒளித்துவைத்த தாச்சிச் சட்டியை வெளியில் எடுத்தாள். மகளுக்கென்று எட்டு மாதத்துக்குப் பிறகு பொரித்த கட்டாக் கருவாடு.

"மிச்சத்தையும் பொரிக்கிறன்" என்றாள்.

வதனி போய் வெளிக்கதவை அகலத் திறந்துவிட்டாள்.