நீள வரிசைக் கடை

மதியச் சாப்பாட்டுக்கு உணவங்காடியில் நுழைந்த வெய் ஜியே, எந்தக் கடையின் பெயரையும் பார்க்கவில்லை. வரிசை நீளமென்றால் ருசியும் அதிகம் என்று நம்பும் சிங்கப்பூர்க்காரன் அல்லவா? இருப்பதிலேயே நீளமான வரிசையில் போய் ஒட்டிக்கொண்டான்.

முன்னால் நின்ற வயதான கணவனும் மனைவியும் உரக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"லக்சா நூடுல்ஸ்னா காத்தோங் பக்கம்தான்!" என்றாள் மனைவி.

"உன் நாக்கு செத்துப்போச்சு. பிடோக்ல சாப்பிட்டுப் பாரு."

"அப்ப இங்க எதுக்கு நிக்கறீங்களாம்?"

"மீன் சூப்புக்கு! ஊரெல்லாம் சுத்திட்டேன், இந்த ருசி எங்கயும் கிடையாது."

வெய் ஜியேவுக்கு எச்சில் ஊறியது. "நிஜமாவா, ஆன்ட்டி?"

"ஒரு தடவை குடிச்சுப் பாரு தம்பி, இந்தப் பக்கமே வீடு மாத்திக்கிட்டு வந்துடுவே."

அவனுக்குப் பின்னாலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆனால் தங்கள் முறை வந்ததும், அந்த இருவரும் எதுவும் வாங்காமல் நழுவப் பார்த்தார்கள்.

கடைக்காரன் கரண்டியோடு எட்டிப் பார்த்தான். "அம்மா, காலையிலேருந்து சுத்திச் சுத்தி வரிசையில நிக்கறீங்க. ஒரு கிண்ணம் சூப் குடிச்சுட்டுத்தான் போங்களேன்."

அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"பெத்த பாவத்துக்கு வரிசையில நிக்கறோம்டா. நீ சமைச்சதைக் குடிக்கவும் செய்யணுமா?"

அடுத்தது வெய் ஜியேவின் முறை.