ஆள் அசைந்தால் எரியும்

"அந்த லைட்டு பொய் சொல்லாதாமே, நிசமா தம்பி?"

தங்கபுஷ்பம் உட்காரக்கூட இல்லை. திருவொற்றியூரிலிருந்து வண்ணாரப்பேட்டை வரை உச்சி வெயிலில் வந்து, தமீமின் விளக்குக் கடை வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"இன்னாக்கா, வெயில்ல நின்னுகினு கீற? மொதல்ல உள்ள வா. ஃபேனாண்ட உக்காரு" என்றான் தமீம். அவள் யாரென்று தெரிந்ததுமே அவன் முகம் சுண்டிப்போயிருந்தது.

"கமாலுதீன் பாய் கோடவுன்ல நீங்க மாட்டுன லைட்டு. ஆள் அசைஞ்சா எரியும், அசைவு இல்லன்னா ஒரு நிமிசத்துல அணைஞ்சிரும்னு பாய் சொன்னாவ. எப்போ எரிஞ்சிது, எப்போ அணைஞ்சிதுன்னு உங்க போன்ல பதிவாயிருமாமே?"

ஆகும். கரண்ட் பில் பாதியாகக் குறையும் என்று சொல்லித்தான் அந்தத் துணிக் கோடவுனுக்கு நாற்பது எல்.இ.டி. விளக்குகளைத் தமீம் விற்றான். "என் பொண்டாட்டி நான் சொன்னா கேக்க மாட்டா பாய், இது கேக்கும்" என்று கமாலுதீனைச் சிரிக்க வைத்ததும் அவன்தான்.

அந்தக் கோடவுனின் மூன்றாவது வரிசையில்தான், போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், தங்கபுஷ்பத்தின் கணவர் தவசிமுத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். மற்ற எல்லாரும் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார்கள். அங்கே வேலை பார்த்த ஒரே கிறிஸ்தவர் அவர். வெள்ளிக்கிழமைதோறும் கோடவுனுக்குக் காவல் அவர்தான். தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது உயிர் இல்லை.

"காலையிலயே நெஞ்சு கரிக்குதுன்னாவ தம்பி. ராத்திரி தின்ன பரோட்டாவாத்தான் இருக்கும், ஒரு சோடாவக் குடிச்சிட்டு வேலைக்குப் போங்கன்னு நாந்தான் அனுப்பிவிட்டேன். எம்மவ பெர்சிஸ் ஒரு மாசமா எங்கிட்ட முகம் குடுத்துப் பேசல. அப்பாவ நீதான் சாகக் குடுத்தன்னு சொல்லுதா."

தமீம் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டான்.

"விழுந்ததுமே உசுரு போயிருந்தா, கர்த்தர் எடுத்துக்கிட்டாருன்னு மனசத் தேத்திக்கிடுவேன். கெடந்து துடிச்சிருந்தாவன்னா..." அவன் போனைக் காட்டினாள். "எனக்கு இங்கிலீசு படிக்கத் தெரியாது. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

தமீம் போனை எடுத்தான். விரல் எதையோ தள்ளியது, நின்றது, மறுபடி தள்ளியது. தங்கபுஷ்பம் போனைப் பார்க்கவில்லை, அவன் முகத்தையே பார்த்தாள்.

"ஒரே ஒரு தபாதான் எரிஞ்சிகீதுக்கா. அவரு நடந்து வந்தப்போ. அப்பால எரியவே இல்ல. வுழுந்ததும் போய்ட்டாரு. எந்த டாக்டராலயும் ஒண்ணியும் பண்ணிருக்க முடியாது."

"நிசமாவா?"

"தப்பு உம்மேல இல்லக்கா. அல்லாமேல சத்தியமா உம்மேல இல்ல."

அதைச் சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. தங்கபுஷ்பம் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து வாய்விட்டு அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் போனில் மகளைக் கூப்பிட்டு, அதை அவனிடம் நீட்டினாள்.

"இத அப்படியே அவகிட்டயும் சொல்லுங்க தம்பி. நான் சொன்னா நம்ப மாட்டா."

தமீம் சொன்னான். ஒரு வார்த்தை மாறாமல் சொன்னான். பிறகு, "அம்மாகிட்ட குடுங்கண்ணா" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து அழுகையோடு பெர்சிஸின் குரல் வந்தது.

தங்கபுஷ்பம் போனை வாங்கினாள். "ஏட்டி, சாப்ட்டியா?" என்றாள்.

கிளம்பும்போது தமீமின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "எங்க குடும்பத்தச் சேத்து வச்சிட்டீய. ஏசப்பா ஒங்களயும் ஒங்க பிள்ளையளயும் நல்லா வச்சிருப்பாரு."

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். தமீமுக்கு ஆசீர்வாதமே கிடைத்தது. அவள் தெருமுனை திரும்பும் வரை பார்த்துவிட்டு, ஒரு மாதமாகத் தினமும் பார்க்கும் அந்தப் பக்கத்தைப் போனில் மறுபடி திறந்தான்.

அந்த வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு ஐம்பத்திரண்டிலிருந்து மூன்றாவது வரிசை விளக்கு பதினொரு தடவை எரிந்து, பதினொரு தடவை அணைந்திருந்தது. பன்னிரண்டாவது தடவை அது எரியாததற்குக் காரணம், பள்ளிவாசலில் தொழுகைக்குக் கை கால் கழுவிக்கொண்டிருந்தபோது விளக்கு எரிந்து அணையும் தகவலால் போன் ஓயாமல் மினுக்குவதைப் பார்த்து, 'ஜும்ஆ நேரத்துல கோடவுன்ல யாரு இருக்கப்போறா, பூனைதான்' என்று அந்த விளக்கைப் போனிலேயே நிறுத்திவிட்டு உள்ளே போன தமீம்தான்.