இப்ராஹிமாவின் துஆ

அஜ்மானில் ராஜிக்கின் மொபைல் கடைக்குப் பக்கத்தில் ஓர் அத்தர் கடை. அங்கே வேலை பார்க்கும் செனகல்காரர் இப்ராஹிமா, தம் நாட்டு இஸ்லாமியக் கட்சி ஒன்றின் தீவிரத் தொண்டர். அங்கே தேர்தல் நெருங்க நெருங்க, தொழுகை முடிந்தும் எழாமல் கண்கலங்கி துஆ கேட்பார். பார்த்த ராஜிக்கும் மனம் இளகி, கூடவே ஆமீன் சொல்லி வைத்தான்.

முடிவு வந்த காலையில் லட்டுப் பெட்டியோடு ஓடினான்.

“வாழ்த்துகள் பாய்! உங்க ஊர்லயே உங்க கட்சி ஜெயிச்சிருச்சாமே! அழுது கேட்டதுக்கு அல்லாஹ் கொடுத்துட்டான் பாத்தீங்களா?”

இப்ராஹிமா லட்டைத் தொடவில்லை. “தோக்கணும்னுல்ல நான் கேட்டேன், பாய்!”

“சொந்தக் கட்சியா?”

“நிக்கறதுக்கு ஆள் கிடைக்கல. எப்படியும் தோக்கற தொகுதிதானே, பேருக்கு நில்லுன்னு நான்தான் அமினதாவை நிக்க வெச்சேன்.”

“யாரு அமினதா?”

“என் பொண்டாட்டி. அடுத்த வாரம் அவ இங்க வர்றதுக்கு டிக்கெட் போட்டு, வீடும் பிடிச்சாச்சு.”

“இப்ப என்ன சொல்றாங்க?”

“எம்.பி. ஆனபிறகு அங்க வந்து உக்காந்திருக்க முடியுமா, நீங்க கிளம்பி வாங்கங்கறா!”