பிரேக்கைத் தொடாத வீரர்

அப்பாவின் பழைய ரேஸ் சைக்கிளைத் துரு நீக்கி, வண்ணம் பூசி, புதுச் செயின் மாட்டி, புது மாப்பிள்ளை போல நிறுத்திவிட்டாள் மகள். நாளைக்குப் பந்தயத்தில் அதைத்தான் அவள் ஓட்டப் போகிறாள். அப்பா ஜெயித்த அதே மலைச்சாலை.

அவரோ காலையிலிருந்து வண்டியையே சுற்றிச் சுற்றி வந்தார்.

“வேற வண்டியில போயேன்மா.”

“ஏன்? மலை உச்சியிலருந்து கீழ வரைக்கும் பிரேக்கையே தொடாம வந்த ஒரே ஆளு நீங்கதான்னு முப்பது வருஷமா சொல்றீங்க. உங்க பொண்ணு மட்டும் இளப்பமா?”

“அது இள ரத்தம்...”

“எனக்கு மட்டும் கிழட்டு ரத்தமா?” என்றபடி ஸ்பேனரை எடுத்துப் பிரேக்கைக் கழற்றத் தொடங்கினாள். “நீங்க தொடாததை நான் தொட்டா குடும்ப மானம் என்னாகுறது? தண்டமா எதுக்கு இந்தக் கனம்?”

முதல் திருகு தரையில் விழுந்தது. அப்பா சட்டென்று அவள் கையைப் பிடித்தார்.

“தொட்டேன்மா. ரெண்டு கையாலயும் உசுரைக் குடுத்துப் பிடிச்சேன். ரெண்டு பிரேக் கம்பியும் அறுந்துபோச்சு. எல்லாரும் வீரம்னு மெச்சினாங்க, நானும் வாயை மூடிக்கிட்டேன்.”

மகள் குனிந்து திருகைப் பொறுக்கி, மறுபடி மாட்டி, இறுக்கினாள்.

“அப்புறம் எப்படிப்பா நின்னீங்க?”

“எல்லைக்கோட்டைத் தாண்டி ரெண்டு மைல் போய், ஒரு வைக்கோல் போருக்குள்ள தலைகீழா நின்னேன். கோப்பையைக் கொண்டுவந்து கால்லதான் மாட்டிவிட்டாங்க.”