புருவத் தழும்பு

"இடது புருவத்துல ஒரு வெட்டுத் தழும்பு சார். மூணு நாள் தாடி. செத்துச் சாம்பலானாலும் அந்த மூஞ்சி எனக்கு மறக்காது."

தையல்காரி இதைச் சொல்வது ஐந்தாவது முறை. இன்ஸ்பெக்டர் ஐந்தாவது முறையாகத் தலையாட்டிவிட்டு, மேசை மேல் இன்னும் ஆறு புகைப்படங்களைப் பரப்பினார்.

ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எவனுக்கும் தழும்பு இல்லை. "இதுலயும் இல்ல" என்று இடது கையால் தள்ளிவிட்டாள். வலது கை மாவுக்கட்டுக்குள் கிடந்தது.

ஒன்றரை மாதமாக மிஷின் மேல் தூசி படிந்துகொண்டிருந்தது. அவள் வெட்டி வைத்த துணியைக்கூட வாடிக்கைக்காரர்கள் திருப்பி வாங்கிப் போய்விட்டார்கள். பைக்கில் வந்து இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போனவன் மட்டும் எங்கோ கை வீசி நடந்துகொண்டிருப்பான் என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

இன்ஸ்பெக்டர் ஃபைலைப் புரட்டினார். "ஆஸ்பத்திரியில கேட்டப்போ, அவன் ஹெல்மெட் போட்டிருந்தான்னு சொல்லியிருக்கீங்களே?"

"அரை மயக்கத்துல என்னத்தையோ உளறியிருப்பேன். இப்போதான் தெளிவாச் சொல்றேன்ல?"

"ஹெல்மெட்டுக்குள்ள புருவம் எப்படிக்கா தெரியும்?" பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி மெல்லக் கேட்டான்.

"அடிபட்டவ நானா, நீயாடா?"

கூடப் பிறந்தவனே நம்பவில்லை என்றால் ஊரான் எப்படி நம்புவான்? அவளுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"இன்னொருத்தரை வரச் சொல்லியிருக்கேன். கொஞ்சம் இருங்கம்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இருந்து இருந்துதான் சார் ஒன்றரை மாசம் போச்சு." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விருட்டென்று வெளியே நடந்தாள்.

வராந்தா பெஞ்சில் ஒருவன் குனிந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தான்.

இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு.

பை கீழே விழுந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. பாய்ந்து அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். "அகப்பட்டியாடா? சார், ஓடி வாங்க! இவன்தான், இவனேதான்!"

அவன் திமிறவில்லை. மாவுக்கட்டையே பார்த்தான். "எலும்பு இன்னும் சேரலியாக்கா?"

"உடைச்சதும் இல்லாம விசாரிப்பு வேறயா?"

சட்டை தையல் விட்டது. தம்பி இடுப்பைப் பிடித்து இழுத்தும் பிடி தளரவில்லை. ஒன்றரை மாதத்து ஆத்திரம் முழுவதும் அந்த ஒற்றைக் கையில் இறங்கியிருந்தது.

இன்ஸ்பெக்டர் மூச்சு வாங்க ஓடிவந்தார். "விடுங்கம்மா அவரை! சாட்சி சொல்ல வந்த மனுஷன்."

"சாட்சியா? இவன் மூஞ்சியை நான் பார்த்தேன் சார்! இதோ, இவ்வளவு கிட்டத்துல பார்த்தேன்!"

"பார்த்திருப்பீங்கம்மா. டாக்சி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ற வரைக்கும் உங்க தலை இவர் மடியிலதான் இருந்துச்சு."